டெஸ்டுக்கு முந்தின வாரம் மட்டும் பத்தியம்

இந்த முறை வந்த கேள்விகள் நோயைப் பற்றி அதிகம் பேசவில்லை. நோயை வைத்துக்கொண்டு பஸ் பிடிப்பது, விருந்துக்குப் போவது, மாத்திரைப் பையைக் கட்டுவது என்றே இருந்தன. எனக்குப் பிடித்த ரகம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. அது உங்களை நேரில் பார்க்கும் டாக்டரின் வேலை.

அப்பாவுக்கு 66 வயது, பல வருஷமாகச் சுகர். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்து வேலூர் வருகிறோம். ரத்தம் கொடுப்பதற்குள் சில நாள் 11 மணி ஆகிவிடுகிறது, கை நடுங்குகிறது என்கிறார். ‘ரிசல்ட் நல்லா வரணும்’ என்று முந்தின ராத்திரி சாப்பாட்டையும் விட்டுவிடுகிறார். ஒரு வாரமாகவே பத்தியம்தான்.

ராத்திரி சாப்பாட்டை விடவே கூடாது. வெறும் வயிற்று டெஸ்டுக்கு 8 மணி நேர இடைவெளி போதும். 9 மணிக்கு வழக்கமான சாப்பாடு சாப்பிட்டவர் காலை 7 மணிக்குத் தாராளமாக ரத்தம் கொடுக்கலாம். தண்ணீர் குடிக்கலாம், குடித்தால் நரம்பு கிடைப்பதும் சுலபம். சர்க்கரை போடாவிட்டாலும் காபி, டீ வேண்டாம். சுகர் மாத்திரையையும் இன்சுலினையும் பட்டினியில் போட்டுவிட்டுப் பஸ் ஏறக் கூடாது. கையோடு கொண்டுவந்து, ரத்தம் கொடுத்த பிறகு டிபனோடு எடுத்துக்கொள்ளட்டும். பிரஷர் மாத்திரையைப் பொதுவாக வழக்கமான நேரத்திலேயே தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம்.

கை நடுங்கினால் டெஸ்ட் போனால் போகட்டும். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் இல்லை என்றால் சர்க்கரையை முதலில் கொடுங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம். உங்கள் ஊர் லேபிலேயே முந்தின நாள் எடுத்த ரிசல்டை ஏற்பார்களா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி டெஸ்டுக்குப் பட்டினியே தேவையில்லை.

ஒரு வாரப் பத்தியம் அந்தச் சராசரியிடம் பலிக்காது. வெறும் வயிற்றில் 110 என்றும் மூன்று மாதக் கணக்கில் 9.5 என்றும் வந்தால், நடுவில் என்ன நடந்தது என்று டாக்டர் குழம்புவார். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்ற முடிவே தப்பாகப் போகலாம். அவர் பரீட்சைப் பேப்பர் திருத்த உட்காரவில்லை. சாப்பிட்ட பின் எடுக்கும் டெஸ்டுக்கும் இதே கதைதான்: அன்றைக்கு மட்டும் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறார்கள். வீட்டில் சாப்பிடும் அளவைச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் எண்ணுங்கள்.

ஒடுகத்தூர். அம்மாவுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. ‘கவர்மென்ட் மாத்திரையில பவர் இல்ல’ என்று அண்ணன் தனியாரிடம் காட்டி வேறு வாங்கித் தந்தார். எதையும் வீணாக்கக் கூடாது என்று அம்மா இரண்டையும் சேர்த்துப் போடுகிறார். இரண்டு முறை வேர்த்துக் கொட்டி மயங்கிவிட்டார்.

இந்தக் கேள்வியை வரிசையில் வைக்காமல் முதலில் படித்துப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும்.

ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போகிறது என்பதுதான் என் சந்தேகம். ஸ்டிரிப்பின் பின்பக்கம் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின் என்று இருக்கும்; அதுதான் மருந்து. இரண்டு அட்டையிலும் கிளிமிபிரைடு இருந்தால் அம்மா இரட்டை அளவு போட்டிருக்கிறார். இந்த வகை மாத்திரை சுகரை நீண்ட நேரம் கீழேயே பிடித்து வைக்கும், வயதானவர்களுக்கும் கிட்னி தளர்ந்தவர்களுக்கும் இன்னும் அதிகமாக. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்து உட்கார்ந்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். சில மணி நேரத்தில் மறுபடி விழலாம். ஒருமுறை மயங்கினாலே அன்றைக்கே ஆஸ்பத்திரி.

‘பவர் இல்லை’ என்ற பேச்சுக்கு வருவோம். அரசு மாத்திரைகளை வாங்குவது 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். லேபில் சோதித்துத் தேறிய சரக்குதான் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. வெள்ளை அட்டை, பளபளப்பு இல்லை, காசும் இல்லை. அதனால் நம்பிக்கையும் இல்லை! 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்த பிறகு, மாத்திரை தீர்ந்தும் டவுனுக்குப் போக ஆள் இல்லாமல் நிறுத்திக்கொண்ட மலையடிவாரத்துப் பாட்டிகள் பலர் விடாமல் மருந்து சாப்பிடுகிறார்கள். விடாமல் சாப்பிடுவதில்தான் பாதி பவர்.

எங்கே காட்டுவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஒரு இடம், ஒரு சீட்டு. அடுத்த முறை போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரே மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். நாட்டு மருந்துக் கடைச் சூரணமும் அதில் இருக்கட்டும். மருந்துக் கடையில் ஐந்து மாத்திரை கேட்டால் கத்தரியால் வெட்டித் தருவார்கள்; பெயரும் தேதியும் இருக்கும் பகுதி கடையிலேயே தங்கிவிடும். பெயர் இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

வாலாஜா. தைராய்டு மாத்திரை போட்டதும் டீ குடிக்கலாமா? டீ இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது.

அரை மணி நேரம் பொறுங்கள், ஒரு மணி நேரமானால் இன்னும் நல்லது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் டீயோடு போராட முடியவில்லை என்றால், ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டெஸ்ட். அடுத்த வாரமே எடுத்தால் காசுதான் செலவு.

காட்பாடி. 12 வருஷச் சுகர். மாதாமாதம் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போவேன், வெறுங்காலோடு. இப்போது பாதம் மரத்த மாதிரி இருக்கிறது. போன மாதம் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் கொஞ்ச தூரம் நடந்துவிட்டேன். கிரிவலத்தைத் தொடரலாமா?

செருப்பு கழன்றது தெரியவில்லை என்ற அந்த ஒரு வரி போதும். உங்கள் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் கூடாது.

மற்றவர்கள் கல் குத்தினால் காலைத் தூக்குவார்கள், கொப்புளம் வந்தால் நொண்டுவார்கள். நொண்டுவதுதான் காப்பாற்றுகிறது, அடிபட்ட இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்கிறது. உங்களுக்கு நொண்டத் தோன்றாது. கொப்புளத்தின் மேலேயே மீதி வழியையும் மிதித்து முடித்து, வீட்டுக்கு வந்து, தரையில் ஈரமாக ஒரு தடம் இருப்பதை யாராவது பார்த்துச் சொன்னால்தான் தெரியும்.

இதை உலகத்துக்குச் சொன்னதில் நம் ஊருக்குப் பங்கு உண்டு. 1940-களின் பிற்பகுதியில் வேலூர் சிஎம்சியில் பணிக்குச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை, கால் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை என்று கண்டார். வலி தெரியாத இடத்தில் திரும்பத் திரும்பப் படும் சூடும் காயமும் அழுத்தமும்தான் அவற்றைத் தின்கின்றன. உங்கள் காட்பாடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் கரிகிரி மருத்துவமனையில் 1955 முதல் தொழுநோய்ச் சிகிச்சையும் ஆய்வும் நடந்துவருகின்றன. அந்தப் பாடம் சுகர் காலுக்கும் அப்படியே பொருந்தும். அந்தக் கால்களுக்குக் கொடுத்த எம்சிஆர் என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் உங்களுக்கும் எழுதித் தருவார்கள். பின்பக்கம் வார் வைத்ததாக வாங்குங்கள், கழன்று விழாது.

அந்தச் செருப்போடு சுற்றலாம். பாதத்தில் புண்ணோ கொப்புளமோ இல்லை என்றால் மட்டும், முழுச் சுற்றா பாதிச் சுற்றா என்று காலைப் பரிசோதித்த டாக்டரைக் கேட்டுக்கொண்டு. சந்நிதியில் கழற்றினால் போதும், அதையும் வெயில் தாழ்ந்த பிறகு. மத்தியானப் பிராகாரக் கல் உங்கள் தோலை வேகவைத்துவிடும். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. பௌர்ணமி முடிந்த வாரம் புண்ணோடு வருகிறவர்களைப் பார்க்கிற தகுதி உண்டு.

தினமும் ராத்திரி ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். விரலிடுக்கை உலரத் துடையுங்கள். எண்ணெய் பாதத்துக்கு மட்டும், விரலிடுக்கில் வேண்டாம். செருப்பை உதறிவிட்டு மாட்டுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவுவது, ஆணிக்கு மருந்துக்கடை பிளாஸ்திரி ஒட்டுவது, மரத்த காலைச் சுடுதண்ணீரில் வைப்பது மூன்றும் கூடவே கூடாது. வருஷத்துக்கு ஒருமுறையாவது நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை செய்துகொள்ளுங்கள். சில நிமிட வேலைதான். செருப்பைக் கழற்றாமலே பல ரிவ்யூ முடிந்துவிடுகிறது. நீங்களாகக் கழற்றிக் காட்டுங்கள்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரியில் பிரஷர் 160, வீட்டு மெஷினில் 130. எதை நம்புவது? ரிவ்யூவுக்கு லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகிறது.

ஆஸ்பத்திரியில் கூடுவது நிறையப் பேருக்கு உண்டு. ஷிப்டுக்குத் திரும்ப வேண்டுமே என்ற கவலையோடு படியேறி வந்தவரை உட்கார்ந்ததும் பார்த்தால் வேறென்ன வரும்? அதற்காக வீட்டு மெஷின் சொல்வதெல்லாம் வேதமும் இல்லை. முறையாகப் பார்த்தால் நம்பலாம். காபி, டீ குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டை வெறும் கையில், கை நெஞ்சு உயரத்தில். அளக்கும்போது பேச்சு வேண்டாம், சீரியலும் வேண்டாம். காலை இரண்டு, மாலை இரண்டு என ஒரு வாரம் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். அது 135/85-க்குக் கீழே இருந்தால் அந்த நோட்டைக் காட்டுங்கள். மெஷினையும் ஒருமுறை கொண்டுபோய் ஒத்துப்பாருங்கள். கணக்கு சரியாக இருந்தால் மாதாமாதம் வராமல் இடைவெளியைக் கூட்டலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சம்பளம் பிடிக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். சொல்லாமல் நீங்கள் வராமல் நின்றுவிட்டால், டாக்டர் அதை அலட்சியம் என்று எழுதிக்கொள்வார்.

குடியாத்தம். சிரசு திருவிழா சமயத்தில் வெயில் உயிரை எடுக்கும், கரண்டும் போகும். இன்சுலினை எப்படிக் காப்பது?

பிரிக்காதது ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் குப்பைக்குத்தான். பிரித்ததைப் பொதுவாக 4 வாரம் வெளியே வைத்துப் பயன்படுத்தலாம் என்பார்கள்; ஆனால் அந்தக் கணக்கு 25, 30 டிகிரி அறைக்கு. மே மாதத்தில் நம் ஊர் ஓட்டு வீட்டுக்குள் அது ஏது? பெரிய மண்சட்டியில் மணல் நிரப்பி, ஈரமாக்கி, நடுவில் சின்னப் பானையைப் பதித்து, மூடியுள்ள டப்பாவில் இன்சுலினைப் போட்டு அதற்குள் வையுங்கள். நிழலும் காற்றும் இருக்கும் இடம் வேண்டும். நம்முடையது வறண்ட வெயில் என்பதால், சென்னைப் புழுக்கத்தைவிட இங்கே இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்யும். வண்டியின் சீட்டுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள். தெளிந்திருக்க வேண்டிய மருந்து கலங்கினாலும், பால் போல இருப்பது உருட்டிய பிறகும் கட்டி கட்டியாக ஒட்டினாலும் போட வேண்டாம். கூட்டத்தில் நடக்கும்போது சட்டைப் பையில் இரண்டு மூன்று மிட்டாய் இருக்கட்டும். வெயிலில் இன்சுலின் சீக்கிரம் உடம்பில் ஏறும்.

மேல்விஷாரம். ரமலான் நோன்பு வைக்கிறேன். விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியுமா?

முறியாது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. தைரியமாகப் பாருங்கள். 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும். ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். எந்த மாத்திரை விடியலுக்கு முந்தின ஸஹர் சாப்பாட்டுக்கு, எது நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு என்று மாற்றித் தருவார். ஸஹரை விட்டுவிட்டு நோன்பு வைக்காதீர்கள். நோன்புக் கஞ்சி அரிசிதான், அதையும் சாப்பாட்டுக் கணக்கில் சேருங்கள். கிட்னி பாதிப்போ, அடிக்கடி லோ சுகரோ இருந்தால் மார்க்கம் தந்திருக்கும் சலுகையை எடுத்துக்கொள்வதே நல்லது.

வாணியம்பாடி. மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடுகிறேன். பிரஷர் மாத்திரையும் உண்டு. பயமா?

பயம்தான். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், கிட்னியைக் கெடுக்கும். சில பிரஷர் மருந்துகளோடும் வெயிலில் வற்றிய உடம்போடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பாருங்கள். வலிக்கு வேறு வழி டாக்டர் சொல்வார்.

ஆம்பூர். வருகிற ஞாயிறு மச்சான் மகள் கல்யாணம். சுகர் 180-இல் இருக்கிறது. பிரியாணி சாப்பிடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.

சாப்பிடலாம். ஒரு வார்த்தை கேட்டீர்கள்; இன்னும் நாலு வரி என் பங்கு. சீரக சம்பா சின்ன அரிசி என்பதால் சுகரும் சின்னதாக ஏறும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். கறியும் வெங்காயப் பச்சடியும் முதலில், சோறு பிறகு, ஒரே தடவை. கத்தரிக்காய்க்கு எண்ணெய் கொஞ்சம் தாராளம், பார்த்து. இனிப்பை மச்சானிடம் கொடுத்துவிடுங்கள். பிரியாணிக்கு இடம் வேண்டுமென்று காலையிலிருந்து பட்டினி கிடப்பதும், ஈடுகட்ட மாத்திரையை இரண்டாகப் போடுவதும் வேண்டாம். அடுத்த வாரம் டெஸ்ட் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பிரியாணி சாப்பிட்டதைச் சொல்லிவிட்டு ரத்தம் கொடுங்கள்.