செயலிகளை மூடிக்கொண்டே இருந்தால் கைபேசி வேகமாகுமா?

முரசுமோட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். கணவருக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் வயல். 4 ஜிபி ரேம் (திறந்த செயலிகளைப் போன் வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) உள்ள அன்ட்ரொய்ட் கைபேசி, வாங்கி மூன்று வருடமாகிறது. அவருடைய கேள்வி சுருக்கமாக இது:

“பல செயலிகள் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் போன் மந்தமாகும், பற்றரி இறங்கும் என்று மகன் சொன்னான். அதனால் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் தள்ளி மூடிவிடுகிறேன். போனைச் சுத்தம் செய்யும் செயலி ஒன்றும் போட்டிருக்கிறேன். அப்படியும் மதியத்துக்குள் பற்றரி பாதிக்குக் கீழே போய்விடுகிறது. கனடாவிலிருந்து தம்பி வட்ஸ்அப்பில் அழைத்தால் மணி அடிப்பதில்லை. நான் வட்ஸ்அப்பைத் திறக்கும்போதுதான் அவன் அழைத்தது தெரிகிறது. வங்கிச் செயலியில் பணம் அனுப்பும்போது, குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அது முதலிலிருந்து தொடங்குகிறது. புதுப் போன் வாங்கத்தான் வேண்டுமா?”

இப்போதைக்கு வேண்டாம், சகோதரி. நீங்கள் சொல்லும் தொல்லைகளில் பாதி, மூடி மூடி வைக்கும் பழக்கத்திலிருந்து வருபவை. மகன் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். போன் திருத்தும் என் மேசைக்கு வருகிறவர்களில் பலரும் இதையே நம்புகிறார்கள். மேசைக் கணினியில் பத்து ஜன்னல்களைத் திறந்து வைத்து அவதிப்பட்ட காலத்தின் அறிவுரை அது. கைபேசி அப்படி வேலை செய்வதில்லை.

முதலில் அந்தப் பட்டியலைப் பற்றி. நீங்கள் தள்ளித் தள்ளி மூடும் அந்தச் சின்னப் படங்கள், ‘இப்போது ஓடிக்கொண்டிருப்பவை’ அல்ல. ‘அண்மையில் நீங்கள் பார்த்தவை’, அவ்வளவுதான். ஒரு சோதனை செய்து பாருங்கள். இன்று இரவு எதையும் மூடாமல் போனை முழுதாக அணைத்து, மீண்டும் போடுங்கள். எந்தச் செயலியையும் தொடாமல் அந்தப் பட்டியலைத் திறந்தால், பல கைபேசிகளில் நேற்றுப் பார்த்தவை அப்படியே வரிசையாக நிற்கும். அணைத்து எழுப்பிய போனில் அவை எப்படி ஓடிக்கொண்டிருக்க முடியும்?

உண்மையில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை உங்கள் வீட்டு வயலை வைத்தே சொல்லலாம். சிறுபோகத்துக்கு முன் கூட்டம் கூடுகிறது. குளத்தில் இருக்கும் தண்ணீருக்கு இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவாகிறது. பிறகும் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் போவதில்லை. வாய்க்கால் வாய்க்காலாக முறை வைத்து விடுகிறார்கள். உங்கள் போனின் மூளையான புரொசசரும் இப்படி முறை வைத்துத்தான் வேலை செய்கிறது. அதில் எட்டுக் கருக்கள், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள், இருக்கலாம். ஆனால் வேலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சில மில்லிசெக்கன்கள் கொடுத்து அடுத்ததற்குத் திருப்புகிறது. முறை அவ்வளவு விரைவாக மாறுவதால் எல்லாம் ஒன்றாக நடப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது.

திரையில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் செயலிதான் பயிர் நிற்கும் வயல். அதற்கே முதல் தண்ணீர். பாட்டு, வழிகாட்டும் வரைபடம், நடந்துகொண்டிருக்கும் அழைப்பு ஆகியவை திரையில் இல்லாவிட்டாலும் அடுத்த வரிசையில் நிற்கும். நீங்கள் விட்டுவந்த மற்றச் செயலிகள், உழுது வரம்பு கட்டித் தண்ணீருக்குக் காத்திருக்கும் வயல்கள். அவை ரேமில் இடம் பிடித்திருக்கும். ஆனால் புரொசசரின் முறை அவற்றுக்கு அநேகமாகக் கிடைப்பதில்லை. அன்ட்ரொய்டின் புதிய பதிப்புகள் அவற்றை அசையாமல் உறையவே வைத்துவிடுகின்றன. ரேம் நிறைந்திருந்தாலும் வெறுமையாக இருந்தாலும் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். நிறைந்த ரேமைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது நீங்கள் செய்வதைப் பாருங்கள். ஒவ்வொரு மாலையும் வரம்புகளை உடைத்துவிட்டு, விடிந்ததும் மறுபடி கட்டுகிறீர்கள். உறங்கிக்கொண்டிருக்கும் செயலியை எழுப்புவது ஒரு நொடி வேலை. முற்றாக மூடிய செயலியைத் திறப்பதென்றால், சேமிப்பகத்திலிருந்து அதன் நிரல்களை எடுத்து ரேமில் விரித்து, எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து வரைய வேண்டும். மின்சாரம் செலவாவது அந்த வேலையில்தான்.

இடம் உண்மையிலேயே போதாமல் போனால் போன் தானாகவே பார்த்துக்கொள்ளும். முதலில், பயன்படாமல் கிடக்கும் பகுதிகளை நீங்கள் துணியை மடித்து அடுக்குவதுபோல் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். அதுவும் போதாவிட்டால், நீங்கள் நெடுநேரமாகத் தொடாத செயலியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வெளியேற்றும். திரையில் இருப்பதைக் கடைசிவரை காப்பாற்றும். ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன்: வயலில் பாய்ந்த தண்ணீர் குளத்துக்குத் திரும்பாது, ரேமோ, செயலி வெளியேறிய கணத்திலேயே முழுதாகத் திரும்பக் கிடைத்துவிடும். ஆகவே முன்கூட்டியே மிச்சம் பிடித்து வைப்பதில் பயன் இல்லை.

மகனுக்கு என் சொல் போதாவிட்டால் இதைக் காட்டுங்கள். 2016 மார்ச்சில், அப்போது ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக்கிடம், நீங்கள் செயலிகளை அடிக்கடி மூடுவதுண்டா, பற்றரிக்கு அது தேவையா என்று ஒருவர் மின்னஞ்சலில் கேட்டார். ஐபோனின் மென்பொருளுக்குப் பொறுப்பாக இருந்த க்ரெய்க் ஃபெடரிகியிடமிருந்து, இரண்டு கேள்விக்கும் இல்லை என்று பதில் வந்தது. அதே நாட்களில் கூகுளில் அன்ட்ரொய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லொக்ஹைமரும், மூடுவதால் நன்மை இல்லை, நிலைமை சற்று மோசமாகவும் கூடும் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இனித் தம்பியின் அழைப்பு. என் மனதை அதிகம் உறுத்தியது இதுதான். வன்னியில் எத்தனையோ வீடுகளில் பிள்ளையோ சகோதரனோ கடல் கடந்து இருக்கிறார்கள். அந்த ஒரு மணிச்சத்தத்துக்காகத்தான் பலர் போனே வைத்திருக்கிறார்கள்.

வட்ஸ்அப் நாள் முழுவதும் விழித்திருந்து அழைப்புக்காகக் காத்திருப்பதில்லை. உங்கள் போனில் கூகுளின் சேவை ஒன்று, எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரே ஓர் இணைய இணைப்பைத் திறந்து வைத்திருக்கிறது. தம்பி அழைத்ததும் அந்த வழியாக, கதவைத் தட்டுவதுபோல் ஒரு தட்டு வரும். உறங்கும் வட்ஸ்அப் எழுந்து மணி அடிக்கும். 2015இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து, போன் அசையாமல் கிடந்தால் அன்ட்ரொய்ட் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகிறது. அப்போதும் இந்த வகை அவசரத் தட்டுகளுக்கு வழி விடுகிறது. ஆனால் ஒரு செயலியை வலுக்கட்டாயமாக நிறுத்திவிட்டால், நீங்களே மறுபடி திறக்கும்வரை அந்தத் தட்டு அதற்குப் போய்ச் சேராது. சில தயாரிப்பாளர்களின் போன்களில், பட்டியலிலிருந்து தள்ளி மூடுவதே வலுக்கட்டாயமாக நிறுத்துவதற்குச் சமம். சுத்தம் செய்யும் செயலிகள் சிலவும் இதே வேலையைத்தான் செய்கின்றன. நீங்கள் வட்ஸ்அப்பைத் திறந்தபோதுதான் அழைப்பு தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த அடையாளமே போதும்.

செய்ய வேண்டியது: சுத்தம் செய்யும் செயலியை இன்றே நீக்கிவிடுங்கள். அது மூடியவை மறுபடி எழும், மறுபடி அது மூடும். இடையில் விளம்பரத்தையும் இறக்கிக்கொண்டிருக்கும். பிறகு போனின் அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குப் போய், வட்ஸ்அப்பைத் தெரிவுசெய்து, அதன் பற்றரிப் பிரிவில் ‘அன்ரெஸ்ட்ரிக்ட்டட்’, அதாவது கட்டுப்பாடு இல்லை, என்பதைத் தொடுங்கள். சில போன்களில் ‘ஓட்டோ ஸ்டார்ட்’ என்று தனியாக ஒரு தெரிவு இருக்கும். அதையும் வட்ஸ்அப்புக்கு அனுமதியுங்கள். திரையைப் பூட்டி அரை மணி நேரம் மேசையில் வைத்துவிட்டு, அயல் வீட்டாரிடம் சொல்லி வட்ஸ்அப்பில் அழைக்கச் சொல்லுங்கள். மணி அடித்தால் தம்பிக்கும் அடிக்கும்.

வங்கிச் செயலி தொடக்கத்துக்குப் போவது வேறு கதை. குறுஞ்செய்தியைத் திறக்கும் கணத்தில் வங்கிச் செயலி பின்னுக்குப் போகிறது. 4 ஜிபியில் பெரும் பங்கை அன்ட்ரொய்டே எடுத்துக்கொள்வதால், நெருக்கடியான நேரத்தில் அது வெளியேற்றப்படலாம். சில வங்கிச் செயலிகள் பாதுகாப்புக்காகத் தாமாகவே வெளியேறுவதும் உண்டு. இதற்கு எளிய வழி, செயலியை விட்டு வெளியே போகாமல் இருப்பதுதான். செய்தி வந்ததும் திரையின் மேல் விளிம்பிலிருந்து விரலால் கீழே இழுங்கள். அறிவிப்பிலேயே இலக்கம் தெரியும். பார்த்துவிட்டு மேலே தள்ளிவிடுங்கள். வங்கிச் செயலி இடத்தைவிட்டு அசையாது. (அந்த இலக்கத்தை, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று அழைக்கும் எவருக்கும் சொல்லாதீர்கள்.) சட்டைத் துணியைப் படம் எடுத்து அனுப்பும்போதும் இதே தொல்லை வரலாம். கமரா ரேமை நிறையக் கேட்பது. அது திறந்தவுடன் மற்றவை வெளியேறும். படங்களை முதலில் எடுத்து முடித்துவிட்டு, பிறகு பணம் அனுப்பும் வேலைக்குப் போங்கள்.

அப்படியானால் எதையுமே மூடக் கூடாதா? திரையில் சிக்கிக்கொண்டு, தொட்டாலும் எதற்கும் அசையாத செயலியை மூடுங்கள். ஊர் போய்ச் சேர்ந்தபின் வழிகாட்டும் வரைபடத்தை நிறுத்துங்கள். அது செய்மதிகளின் சிக்னலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்படி உண்மையிலேயே பின்னணியில் ஓடுபவை அறிவிப்புப் பகுதியில் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பது அன்ட்ரொய்டின் விதி. 13ஆம் பதிப்பிலிருந்து, அறிவிப்புத் திரையை முழுதாக இழுத்தால், அடியில் எத்தனை செயலிகள் இயங்குகின்றன என்று காட்டும். பக்கத்திலேயே நிறுத்தும் பொத்தானும் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டிய பட்டியல் அதுதான்.

பற்றரிக்கு வருகிறேன். அமைப்புகளில் பற்றரிப் பயன்பாட்டைத் திறந்து, எது அதிகம் எடுத்திருக்கிறது என்று பாருங்கள். திரை முதலில் நின்றால் ஆச்சரியமில்லை. சிக்னல் தொடர்பான செலவு உயரத்தில் நின்றால், காரணம் செயலிகள் அல்ல, கோபுரத்தின் தூரம். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் உரத்துக் கத்த வேண்டியிருக்கிறது; அதே செய்தியை அனுப்ப அதிக மின்சாரம் தேவைப்படுகிறது. தகரக் கூரைக்குக் கீழே, இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் கிடக்கும் போனுக்கு இது இரட்டைச் சுமை. தையல் மெசினுக்கு அருகே ஜன்னலோரம் ஓர் இடம் பார்த்து வையுங்கள். வெயில் மட்டும் நேரே படக் கூடாது. வட்ஸ்அப் குழுக்களில் வரும் வீடியோக்கள் தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள். அது டேட்டாவையும் சேமிப்பகத்தையும் சேர்த்துத் தின்கிறது. சேமிப்பகம் விளிம்புவரை நிரம்பினால் போன் முழுவதும் மந்தமாகும். சில ஜிபி எப்போதும் வெறுமையாக இருக்கட்டும்.

இவற்றைச் செய்து ஒரு வாரம் பாருங்கள். பற்றரி மட்டும் அப்படியே இறங்கினால், மூன்று வருடப் பற்றரி தேய்ந்திருக்கும். பலமுறை சார்ஜ் ஏறி இறங்கிய லிதியம் பற்றரியின் கொள்ளளவு குறைவது இயல்பு. நம்முடைய வெக்கை அதை விரைவுபடுத்தும். பற்றரியை மாத்திரம் மாற்றினால் போதும். பின்மூடி சற்றே உப்பியிருந்தால் காத்திருக்காமல் உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள். உப்பிய பற்றரி தீப்பற்றக்கூடியது.

அதன் பிறகும் போதாது என்றால் புதிதாக வாங்கலாம். அப்போது 6 அல்லது 8 ஜிபி ரேம் பாருங்கள். ‘4 கூட்டல் 4’ என்று பெட்டியில் போட்டிருந்தால், இரண்டாவது 4 சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. வேகத்தில் அது ரேமுக்கு ஈடாகாது. விலை பேசும்போது முதல் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.