நானோகுழாய்ப் படிப்பு: பணகுடி அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அண்ணாச்சி, மகளைச் சேர்க்கலாமா என்று கேட்டு நீங்கள் அனுப்பிய கல்லூரி விளம்பரத்தைப் பார்த்தேன். கார்பன் நானோகுழாய் (தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய கார்பன் குழாய்) பற்றிப் படித்தால் விண்வெளித் துறையில் வேலை உறுதி என்று போட்டிருக்கிறார்கள். படிப்பில் விஷயம் இருக்கிறது. அந்த 'உறுதி'யைத்தான் நம்ப வேண்டாம்.

1991-ல் ஜப்பானின் சுமியோ இஜிமா எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஆய்வாளர்கள் கூட்டமாக இதன் பின்னால் போனார்கள். காரணம் உண்டு. தனிக் குழாயின் விறைப்பு எஃகைவிட ஐந்து மடங்கு, எடையோ மிகக் குறைவு. சிக்கல், கூட்டுப்பொருள் (கார்பன் இழை போன்றவற்றைப் பிசினோடு சேர்த்து இறுக்கிய பொருள்) செய்வதற்காகக் குழாய்களைப் பிசினில் கலக்கும்போது வருகிறது. குழாய்கள் ஒன்றையொன்று இழுத்து, கூழில் மாவு கட்டிதட்டுவதுபோல் முடிச்சு விழுந்துவிடும். கட்டி உள்ள இடத்தில் விரிசல் தொடங்கும். மீயொலி அதிர்வு கொடுத்துப் பிரிக்கலாம், ஆனால் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் குழாயே துண்டாகும். அளவைக் கூட்டினாலோ எப்பாக்ஸி என்ற அந்தப் பிசின் கெட்டியாகி, இழைகளுக்குள் இறங்காது. இதனால் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நானோகுழாய் விண்வெளிக்குப் பறந்தும் இருக்கிறது. 2011-ல் கிளம்பிய ஜூனோ விண்கலத்தில் நிலைமின்சாரத்தைக் கடத்திவிட நானோகுழாய்த் தாள் வைத்தார்கள். 2017-ல் நாசா, நானோகுழாய் நூல் சுற்றிய வாயுக் கலன் ஒன்றைச் சிறு ராக்கெட்டில் அனுப்பிச் சோதித்தது. ஆனால் போயிங் 787-ன் எடையில் பாதியாக இருக்கும் கூட்டுப்பொருள் பெரும்பாலும் கார்பன் இழையில் செய்தது. இன்றைக்குச் சம்பளம் கொடுப்பது அந்த இழைதான்.

இன்னொன்று. மகேந்திரகிரி இஸ்ரோ மையம் பக்கத்திலேயே இருக்கிறதே என்கிறீர்கள். அங்கே நடப்பது முக்கியமாகத் திரவ எரிபொருள் எஞ்சின்களைப் பொருத்துவதும் சோதிப்பதும். இஸ்ரோவின் கூட்டுப்பொருள் வேலை திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில். இஸ்ரோ பெரிய அளவில் ஆள் எடுப்பதும் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்தவர்களைத்தான்.

ஆகவே மகள் இளநிலையில் அகலமான பாடமாக எடுக்கட்டும். நம்ம நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தால் தயங்காதீர்கள். ஜேஇஇ மெயின் மதிப்பெண் கைகொடுத்தால் திருச்சி என்ஐடியில் உலோகவியல் இன்னும் நல்லது. அப்புறம் கேட் (GATE) நுழைவுத்தேர்வு எழுதி எம்.டெக்கில் கூட்டுப்பொருளுக்குள் போகலாம். பிள்ளைக்கு வேதியியல்தான் உயிர் என்றால், பாளையங்கோட்டையில் பி.எஸ்சி முடித்துவிட்டு மேலே படிப்பதும் மட்டமான வழி இல்லை. குழாயின் சுவரைப் பிசினோடு ஒட்டவைப்பது வேதியியல்காரர்களின் வேலை. ஆனால் அந்தப் பாதை பிஎச்.டி வரை இழுக்கும், நல்ல வேலைக்கு ஏழெட்டு வருடம் பொறுக்க வேண்டும். வீட்டு நிலைமையைச் சொல்லி அவளிடமே பேசிவிடுங்கள்.

அந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தை விட்டுவிட்டு ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டோகிளேவ் (அழுத்தம் கொடுத்துச் சூடேற்றிக் கூட்டுப்பொருளை இறுக்கும் கலன்) இருக்கிறதா, மாணவர்கள் கையாலேயே இழை அடுக்கிச் செய்த தகடு ஒன்றாவது இருக்கிறதா என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பிவிடலாம்.

முன்பணம் எதுவும் கட்டிவிடவில்லையே? கட்டியிருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள்.