டாப்பெட் மாற்றும் முன்: டிராக்டர் இன்ஜின் கேள்வி-பதில்

டாப்பெட் செட்டிங் (வால்வு இடைவெளியைச் சரிசெய்வது) செய்தும் டக் டக் சத்தம் போகவில்லை. டாப்பெட்டை மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். டாப்பெட் என்பது கேம் ஷாஃப்டின் (மேடுகள் கொண்ட சுழலும் தண்டு) மேட்டில் உரசி, புஷ் ராட் என்ற கம்பியை மேலே தள்ளும் உருளை; அந்தக் கம்பி ராக்கர் என்ற நெம்புகோலை அசைத்து வால்வைத் திறக்கும். முதலில் ராக்கர் நுனியைப் பாருங்கள். வால்வு தண்டு பட்டுப் பட்டு அங்கே குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அதற்குள் இறங்காது. நீங்கள் வைத்த இடைவெளியோடு குழியின் ஆழமும் சேர்ந்துவிடும், சத்தம் அப்படியே இருக்கும். அப்புறம் புஷ் ராடைக் கண்ணாடி மேல் உருட்டுங்கள், வளைந்திருந்தால் துள்ளும். இரண்டும் சரியாக இருந்து, ஒரே வால்வில் இடைவெளி திரும்பத் திரும்பக் கூடினால், டாப்பெட்டையும் கேமையும் சந்தேகப்படலாம்.

கழற்றிய டாப்பெட் தேய்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு டாப்பெட்டுகளின் அடிமுகங்களை ஒன்றோடொன்று சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பெரும்பாலான இன்ஜின்களில் நல்ல டாப்பெட்டின் முகம் மிக லேசாகக் குவிந்திருக்கும். நடுவில் தொட்டு, ஓரத்தில் மயிரிழை வெளிச்சம் தெரியும். ஓரம் ஒட்டி நடுவில் வெளிச்சம் வந்தால் குழிந்துவிட்டது என்று அர்த்தம்.

தேய்ந்த தடத்தையும் கவனியுங்கள். டாப்பெட் சுழன்றுகொண்டே வேலை செய்ய வேண்டும், அதற்காகத்தான் கேம் அதன் மையத்தை விட்டுச் சற்று ஒதுங்கி உரசுகிறது. வட்டத் தடம் இருந்தால் நல்லது. குறுக்கே ஒரே பட்டையாகத் தடம் விழுந்திருந்தால் அது சுழலாமல் நின்றுவிட்டது. பொடிப் பள்ளங்கள் தெரிந்தால் கல்லில் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம், கடினமான மேல்தோல் மெல்லியது.

எட்டு டாப்பெட்டில் இரண்டுதான் போயிருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. பதில் கேமில் இருக்கிறது. ராக்கரை எடுத்துவிட்டு, புஷ் ராட் தலையில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் முள் கருவி) வைத்து, இன்ஜினைக் கையால் சுற்றி ஒவ்வொன்றும் எவ்வளவு உயர்கிறது என்று குறியுங்கள். இன்லெட்டை (காற்று உள்ளே வரும் வால்வு) இன்லெட்டோடும், எக்ஸாஸ்டை (புகை வெளியேறும் வால்வு) எக்ஸாஸ்டோடும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தக் கேம் மேடு கரைந்திருக்கிறது. அதன்மேல் போடும் புது டாப்பெட்டும் சீக்கிரமே வீணாகும். கேம் ஷாஃப்டை மாற்றினால் எட்டு டாப்பெட்டும் புதிதாகவே இருக்க வேண்டும். பழைய கேமோடு பழைய டாப்பெட் தொடர்ந்தால், எந்தத் துளையில் இருந்ததோ அதே துளைக்குத்தான் போக வேண்டும். கழற்றும்போதே எண் போட்டு வையுங்கள்.

கேமைக் கழற்றாமல் டாப்பெட்டை எடுக்க முடியுமா?

நேர் உருளையாக இருந்தால், ஹெட்டையோ (சிலிண்டரின் மேல் மூடி) பக்க மூடியையோ திறந்து மேலேயே காந்தத்தால் எடுக்கலாம். அடி அகன்ற காளான் வடிவம் என்றால் கேம் வெளியே வந்தே ஆக வேண்டும்.

புதிது போட்டபின் எப்படி ஓட்டுவது?

டாப்பெட் முகத்திலும் கேமிலும் மாலிப்டினம் பேஸ்ட் தாராளமாகப் பூசுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாதீர்கள். குறைந்த வேகத்தில் கேமின் முனையில் அழுத்தம் அதிகம், ஆயிலும் குறைவாகத்தான் தெறிக்கும். நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு மேல் வைத்து சுமார் 20 நிமிடம் ஓடட்டும்.

ஹெட்டைக் கழற்றி மாட்டியிருந்தால், மேனுவல் சொல்லும்போது போல்ட்டை மறுபடி முறுக்கிவிட்டு வால்வு இடைவெளியையும் திரும்பப் பாருங்கள். சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் எரியும் இன்ஜினில் நான்காவது சிலிண்டர் வால்வுகள் இரண்டும் ஒருசேர அசையும்போது முதலாவதைச் சரிசெய்யலாம். ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரமே மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள்.