ஓவியர் பதில்கள்: காந்தியை வரைந்தவர் ஏன் இப்படி ஆனார்?

கே: ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்கள் என்றால் எனக்கு உயிர். ஆனால் பிற்காலத்தில் அவர் தீட்டிய வண்ண ஓவியங்கள் ஒன்றுமே புரியவில்லை. அவ்வளவு நன்றாக வரையத் தெரிந்தவர் ஏன் இப்படி ஆனார்? (வாசகர், துறையூர்)

ப: கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் இதே கோபத்தில் இருந்தவன்தான்.

1969ல் காந்தி நூற்றாண்டுக்காக அவர் வரைந்தவை 100 படங்கள். அதில் ஒன்றை எடுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பாருங்கள். கன்னம் எங்கே முடிகிறது, மூக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. நூல்கண்டு பிரிந்த மாதிரி கோடுகள் சுற்றிக்கொண்டு கிடக்கும். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் காந்தி வந்து உட்கார்ந்துவிடுவார். அரூபம், அதாவது உருவத்தைக் கரைத்துவிடுகிற ஓவியம், அங்கேயே தொடங்கிவிட்டது. காந்தி முகம் நமக்குப் பழகியது என்பதால் பயப்படவில்லை, அவ்வளவுதான். அப்புறம் ராஜாக்களை வரைந்தார். கிரீடமும் மீசையும் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். கடைசியில் ராஜாவும் போய், எண்ணெய் வண்ணத்தில் நிலமும் வெளியும் மட்டும் மிஞ்சின.

அப்படி ஒரு படத்தின் முன்னால் முதன்முதலாக நின்றபோது நான் தலைப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மஞ்சள் பையோடு நின்ற பெரியவர், "மழ வர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். ஓவியம் படித்த எனக்கு வெட்கமாகிவிட்டது.

கே: பத்திரிகைக்குப் படம் போட்டால் கலை கெட்டுவிடும் என்கிறார்களே? (வாசகி, கும்பகோணம்)

ப: எழுத்தாளர் கி.ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசி தொடருக்கு ஜூனியர் விகடனில் படம் போட்டவர் ஆதிமூலம்தான். அதனால் என்ன கெட்டது? நான் வாரத்துக்கு நாலு கதைக்குப் படம் போட்டிருக்கிறேன். கெட்டது முதுகுதான்.

கே: மனநிலை அமையாத நாளில் எப்படி வரைவது? (கல்லூரி மாணவர், மதுரை)

ப: மனநிலை வரும் என்று காத்திருந்து ஒரு வருஷத்தைத் தொலைத்தவன் நான். இப்போது காலையில் காபி ஆறுவதற்குள் நிப்பை மையில் தொட்டுவிடுவேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். நல்ல தாளைக் கண்டால் கை பயப்படும். போன வாரம் கொல்லையில் நிற்கிற முருங்கையை 11 தடவை வரைந்தேன். ஏழாவது தேறும்.