ஆய்வகத்திலிருந்து என்.எஸ்.எஃப்.புக்கு: சில கேள்விகள், பதில்கள்

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்.எஸ்.எஃப்.) பல்கலைக்கழக ஆய்வாளர்களைச் சில ஆண்டுகளுக்கு அழைத்து, ஆய்வு நிதியைப் பரிந்துரைக்கும் புரோகிராம் ஆபீசர்களாக அமர்த்துகிறது. இவர்களுக்கு ‘ரொட்டேட்டர்’ என்று பெயர். நானும் அப்படிப் போய்த் திரும்பியவன்தான்.

கேள்வி: சம்பளம் யார் தருவார்கள்? பழைய வேலை போய்விடுமா?

போகாது. 1970-ஆம் ஆண்டின் ஐ.பி.ஏ. சட்டப்படி (கூட்டாட்சி அரசும் பல்கலைக்கழகம் போன்ற அமைப்புகளும் ஊழியர்களைத் தற்காலிகமாகப் பரிமாறிக்கொள்ள வழிசெய்யும் சட்டம்) போனால் நீங்கள் பல்கலைக்கழக ஊழியராகவே நீடிப்பீர்கள். சம்பளச் செலவில் பெரும்பகுதியை என்.எஸ்.எஃப். பல்கலைக்கழகத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். முதலில் இரண்டு ஆண்டு வரை, நீட்டித்தால் மொத்தம் நான்கு. சம்பளமில்லா விடுப்பில் போய்க் கூட்டாட்சி அரசின் ஊழியராகவே சேரும் வழியும் உண்டு. ஓய்வூதியக் கணக்கு அறுபடக் கூடாது என்றால் முதல் வழிதான் நல்லது.

கேள்வி: என் மாணவர்கள்?

அனுமதி வாங்கி ஆண்டுக்கு 50 நாள் வரை சொந்த ஆய்வுக்கு ஒதுக்கலாம். ஆனால் கையில் இருக்கும் என்.எஸ்.எஃப். நிதிக்கு வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். ஆய்வேட்டை எழுதி முடிக்கும் கட்டத்தில் மாணவர் இருந்தால், தயவுசெய்து ஓராண்டு தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: “நம் துறைக்கு நிதி வரும்” என்கிறார் எங்கள் டீன். வருமா?

டீன்கள் அப்படித்தான்! உங்கள் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தை நீங்கள் தொடவே முடியாது. திரும்பி வந்த பிறகும் ஓராண்டுக்கு உங்கள் விண்ணப்பம் பற்றி என்.எஸ்.எஃப்.புடன் நீங்கள் நேரடியாகப் பேச முடியாது, பதிலாள் வேண்டும்.

கேள்வி: உண்மையில் அதிகாரம் உண்டா?

உண்டு, நினைப்பதைவிட அதிகம். விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கும் ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக் குழு ஆலோசனைதான் சொல்லும். பரிந்துரை எழுதுவது நீங்கள். அதற்கு மேலதிகாரி ஒப்புதல் தர வேண்டும். தலைசிறந்த விண்ணப்பமும் தேறாததும் சிக்கலே இல்லை. நடுவில் மாட்டிக்கொள்பவைதான் தூக்கத்தைக் கெடுக்கும். பணம் ஒன்றுக்கு, தகுதியுள்ளவை நான்கு. ஒன்றில் துணிச்சலான யோசனை இருக்கும், முதற்கட்டத் தரவு இருக்காது; இன்னொன்றில் எல்லாம் சுத்தமாக இருக்கும், புதுமை இருக்காது. எதை எடுத்தாலும் ஏன் என்று எழுத்தில் காட்ட வேண்டும். அப்புறம் நிராகரிக்கப்பட்டவர் தொலைபேசியில் வருவார். மதிப்பிட்டவர் யார் என்று சொல்லாமல், எங்கே இடறினார் என்று மட்டும் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், பாதி வேலை இதுதான். இது பிடிக்காதவர் போகவே வேண்டாம்.

கேள்வி: இப்போது முயலலாமா?

2025-இல் நடந்த ஆட்குறைப்புக்குப் பிறகு ரொட்டேட்டர் இடங்கள் சுருங்கிவிட்டன. முதலில் மதிப்பீட்டுக் குழு ஒன்றில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் துறையின் புரோகிராம் ஆபீசருக்கு விருப்பத்தையும் ஆய்வுப் பின்னணியையும் நாலு வரியில் எழுதினால் போதும்.