புதிய கிராஃப்ட் பீர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெரிய ஆலைகளின் லாகர் பீர் மட்டுமே கிடைத்துவந்த மதுக்கூடங்களுக்கு இப்போது சிறு ஆலைகளின் கிராஃப்ட் பீர்கள் வரத் தொடங்கியுள்ளன. அவற்றின் சுவையைப் பற்றி வாசகர்கள் அனுப்பியுள்ள கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பல ஆண்டுகளாக ஒரே வகை லாகர் பீரையே அருந்தி வந்திருக்கிறேன். நான் வழக்கமாகச் செல்லும் மதுக்கூடத்தின் பட்டியலில் இப்போது கோதுமை பீர், பேல் ஏல், ஸ்டவுட், சவர் என்று பல பெயர்கள் சேர்ந்துவிட்டன. எல்லாம் பார்லியும் தண்ணீரும்தானே, சுவை மட்டும் எப்படி இவ்வளவு மாறுகிறது?

பதில்: அடிப்படைப் பொருள்கள் குறைவு என்பது உண்மைதான். ஜெர்மனியின் பவேரியாவில் 1516-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ் என்ற பூக்கதிர், தண்ணீர் ஆகிய மூன்றை மட்டுமே குறிப்பிட்டது. நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் ஓர் உயிரி என்பதை அக்காலத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை. ஆனால் இந்தச் சில பொருள்களை எப்படிக் கையாள்கிறோம் என்பதில் எல்லையற்ற வேறுபாடுகள் உண்டு.

முதலில் மால்ட். பார்லியை ஊறவைத்து முளைவிடச் செய்து, பிறகு வெப்பத்தில் உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. மிதமான வெப்பத்தில் உலர்ந்த மால்ட் பொன்னிறத்தையும் ரொட்டியின் வாசனையையும் தரும். வெப்பம் கூடக்கூட அது கேரமல், வறுத்த கொட்டை, சாக்லேட், காப்பி என்று ஆழமாகிக்கொண்டே போகும். இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை உருளையில் வறுக்கும் முறைக்கு 1817-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற பிறகு, சிறிதளவு கரு மால்ட்டைச் சேர்த்தே பீருக்குக் கறுப்பு நிறம் தருவது எளிதாயிற்று.

ஆயினும் சுவையைப் பிரித்துக்காட்டுவதில் ஈஸ்ட்டின் பங்கை நாம் போதுமான அளவு உணர்வதில்லை என்பது என் கருத்து. லாகர் ஈஸ்ட் ஏறத்தாழ 8 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில் மெதுவாக வேலை செய்து, அதன்பின் பல வாரங்கள் குளிரில் வைக்கப்படுவதால், தெளிந்த, அதிகம் வாசனையற்ற பானத்தைத் தருகிறது. ஏல் ஈஸ்ட் 15 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் விரைவாக நொதிக்கும்போது பழ வாசனை தரும் எஸ்டர்களை உண்டாக்குகிறது. ஜெர்மானியக் கோதுமை பீரை முகர்ந்தால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். அவை இரண்டும் பீரில் சேர்க்கப்படுவதில்லை, அந்த ஈஸ்ட் வகையே அவ்வாசனைகளுக்குரிய சேர்மங்களை உருவாக்குகிறது. நீங்கள் இதுவரை அருந்திய லாகர், இன்றைய செக் குடியரசின் பில்சென் நகரில் 1842-ஆம் ஆண்டில் யோசப் குரோல் முதன்முதலாக வடித்த பொன்னிற பீரின் வழித்தோன்றலாகவே பெரும்பாலும் இருக்கும். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-ஆம் ஆண்டில் லாகர் ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டிய பிறகு, எங்கு வடித்தாலும் ஒரே சுவை என்பது சாத்தியமாயிற்று. கிராஃப்ட் ஆலைகள் செய்வது பெரும்பாலும் அந்த ஒரே சுவைக்கு முன்பிருந்த பழைய வகைகளைத் தேடிச் செல்வதும், அவற்றின்மேல் புதியவற்றைச் சேர்ப்பதும்தான்.

கேள்வி: நண்பர்கள் புகழ்ந்ததால் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) ஒன்றை வாங்கினேன். முதல் வாயிலேயே கசப்புத் தாங்க முடியவில்லை. இதை எப்படி விரும்புகிறார்கள்? எனக்கு ஏற்ற ஐ.பி.ஏ. என்று ஒன்று இருக்குமா?

பதில்: இருக்கும். அதை எப்படித் தேடுவது என்பதற்கு ஹாப்ஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூக்கதிர். அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது வடிவம் மாறிக் கசப்பாகின்றன. வாசனை எண்ணெய்களோ கொதிக்கும்போது ஆவியாகிவிடுகின்றன. தேயிலையை நெடுநேரம் கொதிக்கவிட்டால் மணம் போய்த் துவர்ப்பு மிஞ்சுவதைப் போல, ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு மிஞ்சுகிறது. கொதித்து முடியும் தறுவாயில் இட்டால் கசப்புக் குறைந்து மணம் கூடுகிறது. நொதித்த பிறகு, குளிர்ந்த பீரிலேயே ஹாப்ஸை ஊறப்போடும் முறையில் எலுமிச்சை, மாம்பழம், பைன் மரப்பிசின் போன்ற வாசனைகள் முழுமையாக இறங்குகின்றன. கசப்பு அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆகவே ஐ.பி.ஏ. என்ற ஒரே பெயரின் கீழ், நாவைச் சுருங்கவைக்கும் பீரும் உண்டு, பழச்சாறுபோல் மென்மையான பீரும் உண்டு.

இந்தப் பெயரில் இந்தியா இடம்பெற்றதற்குக் காரணம் கடல் வாணிபம். ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் பீரைப் புளிக்கவைக்கும் சில பாக்டீரியாக்களைத் தடுக்கும் என்பதால், வெப்பமான நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூடுதலாகச் சேர்க்கும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்தது. இன்றைய ஐ.பி.ஏ.வின் மணம் அமெரிக்க ஹாப்ஸிடமிருந்து வந்தது. கிரேப்ஃப்ரூட் என்ற, பம்பளிமாசு போன்ற பழத்தின் வாசனையுள்ள கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகை 1972-ஆம் ஆண்டில் பயிரிட வெளியிடப்பட்டது. 1980-ஆம் ஆண்டில் தொடங்கிய சியர்ரா நெவாடா ஆலையின் பேல் ஏல் அந்த மணத்தைப் பலரிடமும் கொண்டுசேர்த்தது.

பட்டியலில் ஐ.பி.யு. என்ற எண் இருந்தால் அது கசப்புப் பொருளின் அளவைக் காட்டும். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பித் தேர்ந்தெடுப்பது சரியாகாது. மால்ட்டின் இனிப்பு மிகுந்த கனமான ஸ்டவுட்டில் 60 என்ற அளவு சமநிலையாகத் தோன்றும். மெல்லிய, இனிப்புக் குறைந்த பேல் ஏலில் 40 என்ற அளவே கடுமையாகத் தெரியும். நீங்கள் அடுத்த முறை நியூ இங்கிலாந்து வகை என்றோ ஹேசி என்றோ குறிப்பிடப்படும் கலங்கலான ஐ.பி.ஏ.வைக் கேட்டுப் பாருங்கள். ஓட்ஸும் கோதுமையும் சேர்ந்ததால் அது வாயில் மிருதுவாக இருக்கும்; கலங்கல் அதன் குறைபாடன்று, இயல்பு. முதல் மிடற்றில் தீர்ப்புச் சொல்லிவிடாமல், மூன்று நான்கு மிடறுகள் வரை காத்திருங்கள். முதல் மிடற்றின் அதிர்ச்சி அடங்கிய பிறகுதான் கசப்புக்கு அப்பாலுள்ள மணம் புலப்படும். ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்வேன்: ஹாப்ஸின் மணம் விரைவில் மங்கிவிடும். ஆறு மாதம் கிடந்த புகழ்பெற்ற ஐ.பி.ஏ.வைவிட, சில வாரங்களுக்கு முன் நிரப்பப்பட்ட சாதாரண ஐ.பி.ஏ. மேலானது. கலனில் அச்சிட்டுள்ள நாளைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: சவர் என்று தரப்பட்ட பீர் புளித்துப்போயிருந்தது. அது கெட்டுப்போன பீரா, இல்லை அப்படித்தான் இருக்குமா? எப்படி வேறுபடுத்துவது?

பதில்: சவர் வகை புளிப்பாகவே இருக்க வேண்டும். தயிரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவின் இனத்தைச் சேர்ந்த லாக்டோபேசில்லஸை வேண்டுமென்றே வளரவிட்டு அப்புளிப்பைப் பெறுகிறார்கள். பெல்ஜியத்தின் லாம்பிக் வகைக்கு ஈஸ்ட்டைக்கூட இடுவதில்லை. காற்றிலும் மரப்பீப்பாயிலும் உள்ள நுண்ணுயிரிகளே நொதிக்கச் செய்கின்றன, அது முதிர்வதற்கு ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை ஆகலாம். ஜெர்மனியின் கோசே வகையில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்ந்திருக்கும். நல்ல சவர் பீரின் புளிப்பு எலுமிச்சையின் புளிப்பைப் போலத் துலக்கமாகவும், குடித்த பின் வாயைத் தூய்மையாக்குவதாகவும் இருக்கும்.

குறைபாடுகள் வேறு வகையானவை, அவற்றை எந்த பீரிலும் முகர்ந்தே கண்டுபிடித்துவிடலாம். நனைந்த அட்டையின் வாசனை வந்தால் ஆக்சிஜன் பட்டுப் பழையதாகிவிட்டது என்று பொருள். வெண்ணெய் தடவிய சோளப்பொரியின் வாசனை டைஅசெட்டைல் என்ற சேர்மத்தால் வருவது. நொதித்தலை அவசரமாக முடித்திருந்தாலும் வரும், மதுக்கூடத்துக் குழாய்களில் பாக்டீரியா படிந்திருந்தாலும் வரும். வெளிர்நிறப் புட்டியில் ஒளி பட்ட பீரில், ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் சிதைந்து, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தைப் போன்ற ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகிறது. பழுப்பு நிறப் புட்டி இதைப் பெருமளவு தடுக்கிறது. சவர் அல்லாத லாகரிலோ பேல் ஏலிலோ காடியின் நெடி வந்தால் குழாய்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பீர் வரும் குழாய்களை இரு வாரங்களுக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும் என்பது தொழில்முறைப் பரிந்துரை. அதைச் செய்கிறார்களா என்று பணிவாகக் கேட்பதில் தவறேதும் இல்லை. பல மாதங்கள் உழைத்து ஓர் ஆலை வடித்த பீரைக் கடைசிச் சில மீட்டர் குழாய் கெடுத்துவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. வாடிக்கையாளர்கள் கேட்கக் கேட்கத்தான் அது மாறும்.

கேள்வி: ஸ்டவுட் கறுப்பாக இருப்பதால் அதில் ஆல்கஹால் அதிகமா?

பதில்: இல்லை. நிறம் வறுத்த மால்ட்டிலிருந்து வருவது. ஆல்கஹாலோ நொதித்த சர்க்கரையின் அளவைப் பொறுத்தது. கின்னஸ் டிராஃப்ட் என்ற ஸ்டவுட்டில் ஏறத்தாழ 4.2 விழுக்காடுதான், பல பொன்னிற லாகர்களைவிடக் குறைவு. பெயருக்கு முன் இம்பீரியல் என்று இருந்தால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அவை 8 விழுக்காட்டுக்கு மேலும் போகும்.

கேள்வி: பீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு சுவை என்று நினைத்திருந்தேன். கிராஃப்ட் பீரை உறையவைத்த கோப்பையில் தர மறுக்கிறார்கள். ஏன்?

பதில்: கடுங்குளிர் நாவை மரக்கச் செய்கிறது, வாசனைப் பொருள்கள் ஆவியாவதையும் தடுக்கிறது. மெல்லிய லாகரை 4 முதல் 7 டிகிரியில் அருந்தலாம். பேல் ஏலும் ஐ.பி.ஏ.வும் 7 முதல் 10 டிகிரியில் மணம் தரும். கனமான ஸ்டவுட்டுக்கு 12 டிகிரி வரை பொருந்தும். உறையவைத்த கோப்பையின் பனித்துகள்கள் பீரை அளவுக்குமேல் நுரைக்கச் செய்து, உருகி நீர்க்கவும் வைக்கின்றன. அவர்கள் மறுப்பது அந்த பீரின் மீதுள்ள அக்கறையினால்தான்.

கேள்வி: ஒரே மாலையில் நான்கைந்து வகைகளைச் சுவைத்துப் பார்க்க விரும்புகிறோம். எங்களில் ஒருவர் ஆல்கஹால் அருந்துவதில்லை. எந்த வரிசையில் அருந்துவது, அவருக்கு என்ன சொல்வது?

பதில்: முழுக்கோப்பைகளாக வாங்காமல், சிறு கோப்பைகளில் சில வகைகளைச் சேர்த்துத் தரும் ஃபிளைட் என்ற தட்டைக் கேளுங்கள். மெல்லியதிலிருந்து கனமானதற்குச் செல்ல வேண்டும்: கோதுமை பீர் அல்லது லாகர், பேல் ஏல், ஐ.பி.ஏ., இறுதியில் ஸ்டவுட். கடுங்கசப்பான ஒன்றை முதலில் அருந்திவிட்டால் அதன்பின் வரும் மென்மையான பீர் வெறும் தண்ணீராகத் தோன்றும். சவர் பீரைத் தனியாக, இடையிடையே தண்ணீர் பருகிச் சுவையுங்கள்.

வகைகளைவிட விழுக்காட்டைக் கவனியுங்கள். 8 விழுக்காடுள்ள 500 மில்லி பீரில் சுமார் 32 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 4 விழுக்காடுள்ளதில் அதில் பாதி. ஒரே அளவுக் கோப்பை என்பதால் இரண்டும் ஒன்று என்று எண்ணிவிடுகிறார்கள், குறிப்பாகப் பழச்சுவை மேலோங்கிய வலிமையான பீர்களில். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மதுபானங்களை முதல் தொகுதிப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்திருக்கிறது; கிராஃப்ட் என்ற பெயர் அதை மாற்றுவதில்லை. சுவைத்த பிறகு எவரும் வாகனம் ஓட்டக் கூடாது.

அருந்தாத நண்பர் ஒதுங்கி அமர வேண்டியதில்லை. ஆல்கஹால் நீக்கிய பீரை, காற்றழுத்தத்தைக் குறைத்துத் தாழ்ந்த வெப்பத்திலேயே ஆல்கஹாலை ஆவியாக்கியோ, நுண்சவ்வின் வழியே வடித்தோ தயாரிக்கிறார்கள்; நொதித்தலைத் தொடக்கத்திலேயே கட்டுப்படுத்தும் முறையும் உண்டு. பல நாடுகளில் 0.5 விழுக்காடு வரை உள்ளதும் இப்பெயரில் விற்கப்படுவதால், துளியும் கூடாது என்பவர் 0.0 என்று அச்சிட்டதையே கேட்க வேண்டும். ஆல்கஹால் போனதும் பானத்தின் கனமும் போய்விடும். லாகரில் அந்த இழப்பு உடனே தெரிந்துவிடுகிறது. ஹாப்ஸின் மணமோ, புளிப்போ, வறுத்த மால்ட்டோ மேலோங்கிய வகைகள் அந்த வெற்றிடத்தைப் பெருமளவு நிரப்பிவிடுவதால், நண்பருக்கு ஐ.பி.ஏ. வகையையோ ஸ்டவுட் வகையையோ முதலில் பரிந்துரைப்பேன்.