ஆரம்பக் கல்விதானே கிடைக்கும் என்று தயங்கலாமா?

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கும் 21 வயதுப் பெண். உயர்தரத்தில் கலைப் பிரிவில் இரண்டு சி, ஒரு எஸ் எடுத்தேன். பல்கலைக்கழகத்துக்கு அது போதவில்லை. ஒரு வருடமாகத் தோட்டத்து முன்பள்ளியில் சிறு கொடுப்பனவுக்கு உதவி செய்து வருகிறேன். ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆசை. ஆனால் எனக்கு ஆரம்பக் கல்வி நெறிதான் கிடைக்கும் என்றும், அதற்கு மதிப்பில்லை என்றும் சொல்கிறார்கள். ஆசிரியர் உதவியாளர் நியமனம் மறுபடியும் வரும், அதற்குக் காத்திரு என்கிறார் மாமா. மூன்று வருடம் சம்பளம் இல்லாமல் அம்மாவை விட்டுப் போவதும் பயமாக இருக்கிறது. கல்லூரியில் தோட்டத்துப் பேச்சைக் கேலி செய்வார்களாம். இன்னொன்று: பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. அது பரவாயில்லையா?

பதில்: அன்புள்ள மகளுக்கு, நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருப்பதைத்தான் நான் முதலாவதாக எடுத்துக்கொள்கிறேன். மற்றக் கேள்விகளுக்கு யோசித்து விடை காண அவகாசம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு இல்லை.

தோட்டங்களில் பிறந்த நம்மில் பலருக்குப் பெயர் என்பது எழுதியவரின் காதில் விழுந்தபடிதான் ஏட்டில் ஏறியிருக்கிறது. வீட்டில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறோர் எழுத்து என்று வாழ்ந்துவிடுகிறோம். எவரும் கேட்காத வரையில் அதனால் ஒரு குறையும் வருவதில்லை. கல்லூரியின் நேர்முகத் தேர்விலோ சான்றிதழ்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதே முதல் வேலை. நல்ல பெறுபேறு இருந்தும், தந்தையின் பெயரில் ஓரெழுத்துப் பிசகினால் அன்றைய தினம் மேசைக்கு மேசை அலைந்து அழுதுகொண்டு திரும்பிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ஆகையால் உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிறப்புச் சான்றிதழையும், அப்பாவின் அடையாள அட்டையையும், அவருடைய பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதையும் கொண்டுபோய்க் காட்டித் திருத்தத்துக்கு உரிய படிவத்தைக் கேளுங்கள். திருத்தம் கைக்கு வர நாளெடுக்கும். கல்லூரிக்கு விண்ணப்பம் கோரும் வர்த்தமானி அறிவித்தல் அதற்குள் வந்துவிட்டால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருத்தத்துக்கு ஈடாக எண்ணிவிடாதீர்கள். இடைக்காலத்துக்கு உதவும், அவ்வளவே.

வதிவிடத்தை உறுதிப்படுத்துவதிலும் இதே கவனம் வேண்டும். வாக்காளர் இடாப்பில் உங்கள் வீட்டாரின் பெயர்கள் எந்தத் தோட்டத்தின் எந்தப் பிரிவில் பதிந்துள்ளன என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் இப்போதே பார்த்துவிடுங்கள். லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, மாறிக் குடியேறியவர்கள் பலரின் பெயர்கள் பழைய பிரிவிலேயே கிடக்கும்.

இனி அனுமதியைப் பற்றிப் பார்ப்போம். தேசிய கல்வியியற் கல்லூரிகள் 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. ஆட்சேர்ப்புக்கான நிபந்தனைகளை அந்தந்த ஆண்டின் வர்த்தமானி அறிவித்தலே தீர்மானிக்கும்; சென்ற தொகுதியில் சேர்ந்த தோழி சொன்னதை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கக் கூடாது. பொதுவாக, உயர்தரத்தில் ஒரே அமர்வில் மூன்று பாடங்களில் சித்தியும், சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் அடங்கலான சித்திகளும் கேட்கப்படும். வயதெல்லை 25 என்பதும், விண்ணப்பதாரி திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்பதும் வழக்கமான நிபந்தனைகள். இரண்டாவதை உங்கள் வீட்டாரும் அறிந்திருப்பது நல்லது. பரீட்சைகளும் ஆட்சேர்ப்பும் பிந்திப் பிந்தி நடக்கும் இந்தக் காலத்தில், 21 வயது என்று ஆறுதலாக இருந்துவிடவும் முடியாது. விண்ணப்பம் இப்போது இணையவழியே நடைபெறுவதால், தொலைபேசிக் கடைக்காரர் நிரப்பித் தரட்டும் என்று விட்டுவிடாமல் ஒவ்வோர் எழுத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே பாருங்கள்.

மாமா சொல்லும் ஆசிரியர் உதவியாளர் நியமனத்தையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் இல்லாதிருந்தால் பல வகுப்பறைகள் ஆளில்லாமல் கிடந்திருக்கும். ஆனால் அவர்கள் ஆரம்பத்தில் மாதம் 6,000 ரூபாவுக்கும், பின்னர் 10,000 ரூபாவுக்கும் வேலை செய்துகொண்டு, கொட்டகலை ஆசிரியர் கலாசாலை போன்ற இடங்களில் பயிற்சியை முடித்து, ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்படுவதற்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். வருமா வராதா என்று தெரியாத நியமனமொன்றை நம்பி, வயதெல்லை உள்ள ஒரு வாய்ப்பைக் கைவிடுவது சரியாகாது. மாமாவிடம் இதை இந்தக் கணக்கோடு சொல்லுங்கள், கோபப்பட மாட்டார்.

நீங்கள் கேட்டவற்றுள் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது ஆரம்பக் கல்விக்கு மதிப்பில்லை என்ற பேச்சுத்தான். கணிதம், விஞ்ஞானம் போன்ற நெறிகளுக்கு அந்தந்தத் துறையில் உயர்தரம் படித்திருக்க வேண்டும் என்பதால், கலைப் பிரிவினர் பலர் ஆரம்பக் கல்விக்கு வருகிறார்கள். அதனாலேயே அது மிச்சத்தில் கிடைத்தது போன்ற ஒரு தோற்றம் வந்துவிட்டது. மலையகத்தில் இதைச் சொல்வது வேடிக்கை. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்ட நிர்வாகங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு வழங்க வேண்டும் என்று சொன்ன காலத்திலிருந்து, 1977க்குப் பின் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்கும் வரையிலும், நம்மவர்களில் பெரும்பாலானோருக்குப் பாடசாலை என்றாலே ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுந்தான். இன்று நம்மிடையே வைத்தியராகவும் விரிவுரையாளராகவும் இருப்பவர்கள் பலரின் பாட்டன் பாட்டிமாருக்கு அந்த ஓரறைக்கு அப்பால் வேறு பாடசாலை இருக்கவில்லை.

ஆரம்ப வகுப்பு ஆசிரியரின் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். நான் ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில், மஸ்கெலியாப் பக்கத்துப் பாடசாலையொன்றில் கட்டுறு பயில்வில், அதாவது பாடசாலையில் கற்பித்துப் பழகும் பயிற்சியில், இருந்த ஓர் ஆசிரிய மாணவியின் பாடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். தடுப்புச் சுவர் இல்லாத நீண்ட மண்டபம். பனிமூட்டம் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. அடுத்த வகுப்பு வாய்ப்பாடு சொல்லும் சத்தத்துக்கு மேலாகத்தான் இவர் பேச வேண்டும். பாடம் பின்னங்கள். மட்டையில் வட்டமாகக் கேக் ஒன்றை வெட்டி ஒட்டி, அதை இரண்டாக மடித்து, "இது அரை" என்று அழகாகவே காட்டினார். பிறகு, "வேறெங்கே அரை என்று கேட்டிருக்கிறீர்கள்?" என்று வினவினார். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "நேத்து எங்கம்மாவுக்கு அரைப் பேர்தான் டீச்சர்" என்றாள். ஆசிரிய மாணவி வேறு மாவட்டத்தைச் சேர்ந்தவர். "பெயரைப் பற்றி நான் கேட்கவில்லை, உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தை எடுத்தார்.

அந்தப் பிள்ளை சொன்னதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நிறுத்த கொழுந்து குறைந்தால் அன்றைக்கு முழுப் பேர் கிடையாது, பாதிச் சம்பளந்தான் என்பதைப் பேச்சு வந்த நாள் முதல் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். அன்றைய பாடத்தில் அரை என்பதன் பொருளை உயிரோடு அறிந்திருந்த ஒரே பிள்ளை அவள். அவளைத்தான் உட்காரச் சொன்னார்கள். பாடம் முடிந்ததும் அந்த ஆசிரிய மாணவியிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. ஆனால் மறுநாளே கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசைக் கரும்பலகையில் வரைந்து, எத்தனை கிலோவுக்கு முழுப் பேர், அதில் பாதி எவ்வளவு, கொழுந்திலுள்ள தண்ணீருக்கென்று கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று பிள்ளைகளையே சொல்ல வைத்தார். வகுப்பு முழுவதும் கை தூக்கியது. நான் பார்த்த நல்ல பாடங்களில் அதுவும் ஒன்று.

அதிலும் ஒரு பிசகு நேர்ந்தது. உற்சாகத்தில் அவர், "யார் யார் வீட்டில் நேற்று அரைப் பேர்?" என்று கேட்டுவிட்டார். தூக்கிய கைகள் இறங்கின. முன்வரிசைப் பையன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து பாடத்தை எடுக்க வேண்டும். அதேவேளை அந்த வாழ்க்கையை வகுப்பின் முன் விரித்துக் காட்டும்படி பிள்ளையைக் கேட்கக் கூடாது. இந்த வித்தியாசம் தோட்டத்தில் பிறந்துவிட்டதால் மட்டும் வந்துவிடாது. கல்வி உளவியல் விரிவுரையிலும், பிறகு வகுப்பறையில் ஒருமுறையாவது தவறிய பிறகும்தான் வரும். உங்களிடம் பாதி இருக்கிறது, மகளே. மீதிப் பாதிக்காகவே கல்லூரிக்குப் போகச் சொல்கிறேன்.

கல்லூரி வாழ்க்கை மூன்று ஆண்டுகள். முதல் இரண்டும் விடுதியில் தங்கிப் படிப்பவை. மூன்றாவது பாடசாலையொன்றில் கட்டுறு பயில்வு. அதிகாலையில் தொடங்கி இரவுப் படிப்பு வரை மணியடித்து நடக்கும் ஒழுங்கு முதல் மாதத்தில் சிறைபோலத் தோன்றும். அதைவிடவும் புதியவர்களைத் திணறடிப்பது ஒப்படைகள்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் கணிப்பீடுகள் உண்டு. ஒன்று பிந்தினால் அடுத்தது அதன்மேல் ஏறிக்கொள்ளும். உயர்தரத்துக்குப் படித்ததுபோலப் பரீட்சைக்கு முந்திய மாதத்தில் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களே முதலாண்டில் தடுமாறியவர்கள். பாடக் குறிப்பு எழுதுவதை வெறும் சடங்காகச் சிலர் அண்ணன்மார் அக்காமாரின் பழைய கொப்பியிலிருந்து பார்த்தெழுதுவார்கள். விரிவுரையாளருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். சொல்ல மாட்டார், கற்பித்தல் பயிற்சியின்போது வகுப்பறைக்குள் வந்து பின்வாங்கில் அமர்ந்துகொள்வார்.

பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்லூரி உங்களுக்கு அண்மையில் உள்ளது. பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு வந்து தலவாக்கலை பஸ்ஸில் ஏறினால் பத்தனைச் சந்தியில் இறங்கலாம். அங்கேதான் இடம் கிடைக்கும் என்று உறுதியில்லை. வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ அனுப்பப்பட்டால் போக மனந்தயாராக இருங்கள். அங்கே உங்கள் பேச்சைக் கேட்டு ஓரிருவர் சிரிக்கக்கூடும். எழுத்துத் தமிழையும் வகுப்பறைத் தமிழையும் திருத்தமாகப் பழகிக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கு அது கடமை. விடுதியறையில் பேசுவதற்காகப் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அந்தப் பேச்சை மறந்துவிட்டுத் திரும்பி வந்தால், அரைப் பேர் என்று சொல்லும் பிள்ளையை நீங்களும் உட்காரச் சொல்லிவிடுவீர்கள்.

பணவிஷயத்தில் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லுங்கள். தங்குமிடம் உண்டு, மாதக் கொடுப்பனவும் உண்டு. அது வீட்டுக்கு அனுப்பப் போதாது. உபகரணம், மட்டை, நிறப்பசை, பிரதியெடுப்பு, பஸ் கட்டணம் என்றே கரைந்துவிடும். மூன்றாண்டுகளுக்கு அம்மாவின் பேரை நம்பியே வீடு நடக்க வேண்டியிருக்கும் என்பதை மறைத்துவிட்டுப் போனால், நடுவழியில் ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது "போதும், கொழும்பில் வேலை பார்" என்ற பேச்சு வரும். சேரும்போது கையெழுத்திடும் ஒப்பந்தத்தை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இடையில் விட்டு விலகுவது எளிதல்ல என்பதை அவரும் தெரிந்திருக்கட்டும். டிப்ளோமாவை முடித்தவர்கள் இலங்கை ஆசிரியர் சேவைக்கு நியமிக்கப்படுகிறார்கள். அதன்பின் தேசிய கல்வி நிறுவகத்தின் கல்விமாணிப் பட்டத்தையோ திறந்த பல்கலைக்கழகப் படிப்பையோ வேலையில் இருந்துகொண்டே தொடரலாம். கல்லூரிகளையே பட்டம் வழங்கும் நிறுவனங்களாக மாற்றப் போவதாகப் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். அது நடந்த பிறகு போகலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

வர்த்தமானி வரும் வரையில் முன்பள்ளி வேலையை விட வேண்டாம். ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்கி, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் சொற்களையும், நீங்கள் சொல்லிக்கொடுத்து அவர்களுக்கு விளங்காமல் போனவற்றையும் அன்றன்று திகதியிட்டு எழுதி வாருங்கள். நேர்முகத் தேர்வில், ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் "சேவை செய்ய" என்பார்கள். நீங்கள் அந்தக் கொப்பியிலிருந்து ஒரு நாளைச் சொல்லலாம். அதற்கு முன்பு பதிவாளரிடம் போய்வாருங்கள். அப்பாவின் அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.